லிஃப்ட் மெக்கானிக் ஆக லைசென்ஸ் வேண்டுமா? என்ன படிக்க வேண்டும்?

முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, அங்கே இந்த வேலைக்கு நாலு வருஷப் பயிற்சியும் லைசென்ஸும் வேண்டும், சம்பளமும் அதிகம் என்கிறார். இங்கே ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதப் படிப்புக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், முடித்தால் லைசென்ஸ் வாங்கித் தருவோம் என்கிறார்களாம். கட்டலாமா, வேண்டாமா? அம்மா வேறு உயரத்தில் வேலை என்று பயப்படுகிறார்.

தங்கச்சி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் இந்த லைனுக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. வண்ணார்பேட்டையில் ஒரு லாட்ஜ் லிஃப்டில் ஹெல்பராகத் தொடங்கி, இப்போது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் சர்வீஸ் பார்க்கிற பையன்களுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். உங்கள் தம்பி வயதில் எத்தனையோ பேர் வருகிறார்கள். பாதிப் பேர் கையில் இந்த மாதிரி மூன்று மாதச் சான்றிதழ் ஒன்று லேமினேட் செய்து இருக்கும். சர்க்யூட் படத்தை எடுத்து முன்னால் வைத்தால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் நிற்பார்கள். பையன்கள் மேல் தப்பில்லை. அவர்களிடம் பணம் வாங்கியவர்கள் ஒரு லிஃப்டின் பிட்டுக்குள்கூட, அதாவது லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள்கூட, அவர்களை இறக்கிக் காட்டவில்லை.

லைசென்ஸ் விஷயம் என்னவென்று பார்ப்போம். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென்றே 1997-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதை நடைமுறைப்படுத்துவது மின் ஆய்வுத் துறை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் போட வேண்டும் என்றால் உரிமையாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போட்டு முடித்ததும் மின் ஆய்வாளர் வந்து சோதித்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால்தான் ஓட்டுவதற்கு உரிமம். அப்புறமும் அவ்வப்போது ஆய்வு உண்டு, விபத்து நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உரிமம் லிஃப்டுக்கு, அதன் உரிமையாளர் பெயரில். மெக்கானிக் பெயரில் அல்ல. ஒரு மையம் மூன்று மாதத்தில் உங்கள் தம்பிக்கு வாங்கித் தரக்கூடிய ‘லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ்’ என்று எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. அவர்கள் தருவது அவர்களே அச்சடித்த காகிதம்.

லிஃப்ட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மும்பையில் 1939-லேயே சட்டம் வந்துவிட்டது, கேரளாவில் 2013-இல்தான் வந்தது, உத்தரப் பிரதேசத்தில் 2024-இல். நம் பையன்கள் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போவது சகஜம் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டிக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனால் விதிகள் வேறு, அங்கே போய்ச் சேரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் ஆளுக்கு என்று எந்தத் தகுதியும் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். அது பல துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தம்பி தன் பெயரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும் அவை அவனோடு வரும்.

முதல் துண்டு ஐடிஐ. மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ‘லிஃப்ட் அண்டு எஸ்கலேட்டர் மெக்கானிக்’ என்றே ஒரு டிரேடு, அதாவது தொழிற்பிரிவு, இருக்கிறது. இரண்டு வருஷம். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். ஆனால் இந்த டிரேடு நடத்துகிற ஐடிஐக்கள் நாடு முழுக்கவே கொஞ்சம்தான். அது கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருஷம் படித்தால் போதும். என்னிடம் இருக்கிற நல்ல ஆட்களில் பெரும்பாலோர் எலக்ட்ரீஷியன் படித்தவர்கள். ஒருத்தன் மட்டும் ஃபிட்டர். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளமான கைடு ரெயிலை நேராக நிறுத்துவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தூக்குநூல் போட்டு ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அவன் கண்ணுக்குத் தெரியும்.

பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது, அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பேட்டைக்குப் போய்வருவது சிரமமே இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, ஷூ எல்லாம் தருகிறார்கள். தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. 60,000 கொடுத்து மூன்று மாதம் எங்கே, அரசாங்கமே பணம் கொடுத்து இரண்டு வருஷம் சொல்லித் தருவது எங்கே! ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. முடித்ததும் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும்.

பிளஸ் டூ முடித்தவனை மறுபடி ஐடிஐக்கு அனுப்புவதா என்று வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். பாலிடெக்னிக் வேண்டும் என்றால் அதுவும் நல்ல வழிதான். இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) டிப்ளமோ முடித்தால் பின்னாளில் சூப்பர்வைசர், புது லிஃப்டை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கும் கமிஷனிங் இன்ஜினியர் என்று ஏறுவது சுலபம். சங்கர் நகரில் 1958-லிருந்து நடக்கிற பாலிடெக்னிக் இருக்கிறது, அங்கே படித்து இந்த லைனுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, ஐடிஐ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அதனால் ஐடிஐ போனால் வழி அடைபட்டுவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையால் வேலை செய்ய ஆசைப்படுகிற பையனுக்கு முதலில் ஐடிஐதான். ஸ்பேனரும் மல்டிமீட்டரும் பிடித்துப் பழகிய கை, புத்தகத்துக்கு அப்புறமும் வரலாம்.

இரண்டாவது துண்டு அப்ரென்டிஸ். 1961-ஆம் வருஷத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. ஐடிஐ முடித்தவரைக் கம்பெனி பழகுநராக எடுத்துக்கொண்டு உதவித்தொகையோடு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று வைத்தார்கள். முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அளவில் செல்லும் பழகுநர் சான்றிதழ். பெரிய லிஃப்ட் கம்பெனிகள் பல நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஜான்சன் லிஃப்ட்ஸ் 1963-இல் சென்னையில் தொடங்கியது, கோனேயின் இந்தியத் தலைமையகமும் தொழிற்சாலையும் சென்னைப் பக்கம்தான். இவர்களைப் போன்றவர்களிடம் ஒரு வருஷம் பழகுநராக இருந்துவிட்டு வந்தால் அந்த ஒரு வருஷத்தின் மதிப்பு வேறு. சென்னைக்கு அனுப்ப வேண்டுமே என்று யோசிப்பீர்கள். அனுப்புங்கள். இங்கே மாதத்துக்கு இரண்டு புது லிஃப்ட் ஏறுகிறது என்றால் அங்கே வாரத்துக்கு அதைவிட அதிகம் பார்ப்பான். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்தால் பழகுநர் பதிவு எப்படி என்று சொல்வார்கள்.

மூன்றாவது துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மின்சார வேலைக்கான தகுதிச் சான்றிதழ். மின் பாதுகாப்பு விதிகளின்படி மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும். லிஃப்டுக்கு வரும் மூன்று ஃபேஸ் லைன், மெயின் சுவிட்ச், எர்த்திங் எல்லாம் இதற்குள் வரும். சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் இந்தச் சான்றிதழ்களைத் தருகிறது. ஐடிஐ எலக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் படித்தவர் மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழுக்கும், இஇஇ டிப்ளமோ படித்தவர் அனுபவத்தோடு மேற்பார்வையாளர் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். படிப்பே இல்லாமல் அனுபவத்தில் வந்தவர்களுக்கும் ஒரு கதவு உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்து, ஒயரிங் வேலையில் 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவம் இருந்தால் எழுதலாம். நான் இந்த வழியாக வந்தவன். அப்போது ஐடிஐ சேர வீட்டில் வசதி இல்லை.

சரி, காகிதம் இவ்வளவுதான். இதெல்லாம் சேர்த்துவிட்டால் மெக்கானிக் ஆகிவிடுவானா? இல்லை. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்கு மேல் இருப்பதைச் சொல்லத்தான்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. கோனே கம்பெனிக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கு அது. லிஃப்ட் போட்டுக் கொடுப்பது ஒரு பொருளை விற்பதா, வேலை ஒப்பந்தமா என்று கேள்வி. வரிக்காக வந்த வழக்குதான். ஆனால் தீர்ப்பில் இருக்கும் விஷயம் எங்கள் தொழிலின் உயிர்நாடி. மோட்டாரும் ரெயிலும் ரோப்பும் கதவும் தனித்தனியாக வந்து இறங்குகின்றன. கட்டடத்துக்குள் அவற்றை ஆட்கள் திறமையோடு பொருத்தி, சரிசெய்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது லிஃப்ட் ஆகிறது, அதனால் இது வேலை ஒப்பந்தம் என்றார்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் மாதிரி தொழிற்சாலையிலிருந்து முழுசாக வருவதில்லை, கட்டடத்தில் லிஃப்ட் போய்வர விட்ட செங்குத்து இடமான ஷாஃப்டுக்குள்தான் பிறக்கிறது. பிறக்க வைப்பவன் எந்த லட்சணத்தில் கற்றானோ அந்த லட்சணத்தில்தான் அதில் ஏறுபவர்களின் உயிரும் இருக்கும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஆறு மாதம் என்னைக் கார் டாப்பில் ஏற விடவில்லை. ஆட்கள் ஏறும் பெட்டியைத்தான் நாங்கள் கார் என்போம், அதன் கூரை கார் டாப். பிட்டைக் கூட்டு, ரெயில் துடை, டூல்ஸ் எடுத்துக் கொடு, பார். இவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒருநாள் மாடியில் இருக்கும் லேண்டிங் கதவைச் சாவி போட்டுத் திறந்து நேராகக் காலை எடுத்து வைக்கப் போனேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். கார் அங்கே இல்லை. மேல் மாடியில் நின்றது. ‘ஏலே, கதவு திறந்தா கார் நிக்குன்னு நெனைக்காதலே. மொதல்ல கண்ணால பாரு, அப்புறம் கால வையி’ என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

லிஃப்ட் என்றாலே ரோப் அறுந்து விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ரோப் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால், சேர்த்துப் பார்க்கையில் தூக்க வேண்டிய எடையைப் போல 12 மடங்கு தாங்கும்படி கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். அதையும் மீறி கார் வேகம் எடுத்தால், நிர்ணயித்த வேகத்தில் 115 சதவீதத்தைத் தாண்டிய பிறகு கவர்னர் என்ற சக்கரம் பிடித்துக்கொள்ளும், காருக்கு அடியில் இருக்கும் சேஃப்டி கியர் ரெயிலைக் கவ்விக்கொள்ளும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் கதவு. கார் இல்லாத இடத்தில் திறந்துகொள்கிற கதவு, கதவு மூடாமலே நகர்கிற கார்.

அது எப்படி நடக்கிறது என்று தம்பிக்கு இப்போதே தெரிய வேண்டும். லிஃப்டின் பாதுகாப்பு சர்க்யூட்டை பூமாலை மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாடிக் கதவின் லாக், கார் கதவு, பிட்டில் உள்ள ஸ்டாப் சுவிட்ச், கவர்னர் சுவிட்ச், மேலும் கீழும் உள்ள லிமிட் சுவிட்ச் எல்லாம் ஒரே நாரில் வரிசையாகக் கோத்தவை. ஒரு பூ நழுவினாலும் மாலை அவிழ்ந்துவிடும், கார் நின்றுவிடும். நின்றால் எங்கே அவிழ்ந்தது என்று மீட்டர் வைத்து ஒவ்வொரு மாடியாகத் தேடுவது மெக்கானிக்கின் வேலை. பத்து மாடி என்றால் நேரம் ஆகும். கீழே கட்டடக்காரர் நின்று கத்திக்கொண்டிருப்பார். அப்போது ஒரு துண்டு ஒயரை எடுத்து இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் போட்டுவிட்டால் லிஃப்ட் ஓடிவிடும். ஷார்ட் போடுவது என்போம். சோதனைக்காகக் கணநேரம் செய்ய வேண்டி வந்தால்கூட அதற்கென்று கட்டுப்பாடான முறை இருக்கிறது, ஆட்கள் ஏறாதபடி லிஃப்டை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த ஒயரை மறந்து போட்டுவிட்டு வந்தால், அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கதவைத் திறந்து இல்லாத காருக்குள் கால் வைக்கும்.

பல வருஷம் முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், எங்களுக்கு முன்னால் பார்த்தவர்கள் போட்டுவிட்டுப் போன அப்படி ஒரு ஒயரை, லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் கண்டெடுத்தேன். சிவப்பு ஒயர், மேலே தூசி படிந்து கிடந்தது. எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ! ஸ்ட்ரெச்சரில் ஆட்கள் போய்வந்த லிஃப்ட் அது. அதைப் பிடுங்கி என் டூல்ஸ் பையிலேயே வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

கார் டாப்பில் ஏறுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து கார் எங்கே இருக்கிறது என்று பார். எட்டி, கார் டாப்பில் இருக்கும் ஸ்டாப் பட்டனை அழுத்து. கதவை மூடிவிட்டு, மாடி பட்டனை அழுத்திக் காரைக் கூப்பிட்டுப் பார், நகரக் கூடாது. மறுபடி திறந்து, காரை மெதுவாக, கார் டாப்பிலிருந்து மட்டுமே ஓட்ட விடும் இன்ஸ்பெக்ஷன் சுவிட்சைப் போடு, ஸ்டாப்பை எடு, கதவை மூடு, மாடி பட்டனை அழுத்து, அப்போதும் நகரக் கூடாது. பிறகு கதவைத் திறந்தபடியே ஸ்டாப்பும் இன்ஸ்பெக்ஷனும் எடுத்துக் கதவு லாக் ஒன்றே காரை நிறுத்துகிறதா என்று பார். எல்லாம் சரி என்றால் மறுபடி ஸ்டாப் போட்டு, இன்ஸ்பெக்ஷனில் வைத்து ஏறு. இன்ஸ்பெக்ஷனில் கார் வினாடிக்கு 0.63 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும். 22 வருஷமாக ஒரு தடவைகூட நான் அதை விட்டதில்லை. விட்ட இரண்டு பேரின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று. காலியான கார் பிரேக்கை விட்டால் கீழே போகாது, மேலேதான் போகும். ரோப்பின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடையான கவுன்டர் வெயிட், காரின் எடையோடு அது சுமக்கக்கூடிய பாரத்தில் 40 முதல் 50 சதவீதம் சேர்த்து வைக்கப்பட்டது. ஆள் குறைவாக இருந்தால் அந்தப் பக்கம்தான் கனம். உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கும்போது இது தெரியாமல் பிரேக்கைத் தளர்த்துகிறவன் கார் எந்தப் பக்கம் நகரும் என்று தப்பாகக் கணிப்பான். இப்படிப்பட்டவற்றை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் நின்று, ரோப் சுற்றும் சக்கரமான ஷீவ் திரும்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். இப்போது மெஷின் ரூமே இல்லாத லிஃப்ட்தான் அதிகம் வருகிறது, கியர் இல்லாத மோட்டாரை ஷாஃப்டின் உச்சியிலேயே மாட்டிவிடுகிறார்கள். அதனால் டிரைவ், என்கோடர், இன்வெர்ட்டர் என்று எலக்ட்ரானிக்ஸ் பக்கமும் தம்பி படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமும் மாறிவிட்டது. நாங்கள் படித்தது ஐஎஸ் 14665, இப்போது 2022-இல் வந்த ஐஎஸ் 17900. புதிதாக வருபவன் புதியதையே படித்துக்கொள்ளட்டும்.

பெரிய விஷயங்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். தினசரி வேலையில் முக்கால்வாசி சின்ன விஷயம்தான். கதவு மூட மாட்டேன் என்கிறது என்று போன் வரும், போய்ப் பார்த்தால் கதவு ஓடும் பள்ளமான சில்லில் ஒரு சிறு கல் கிடக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். கன்ட்ரோலர் போர்டில் பல்லி கருகிக் கிடக்கும். பொறுமை வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட பாட்டியிடம் கதவுக்கு வெளியே நின்று, ‘ஆச்சி, காத்து வருது பயப்படாதீங்க, இன்னா திறந்துருவோம்’ என்று பேசிக்கொண்டே வேலை பார்க்கத் தெரிய வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை எல்லாம் மூழ்கியது உங்களுக்கே தெரியும். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பிட்டுகளில்தான் முதலில் தண்ணீர் நிறைந்தது. சேறு வாரி, காரின் மோதலைத் தாங்கும் பஃபரைக் கழுவி, பிட் சுவிட்சுகளை மாற்றி, ஒயரின் இன்சுலேஷன் சோதித்து, ரெயிலில் துரு எடுத்து ஓட்டிவிட எங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. தண்ணீர் வடிந்துவிட்டது, கரண்ட் போடுங்கள் என்று எல்லா உரிமையாளர்களும் அவசரப்பட்டார்கள். ஐடிஐயில் ஒழுங்காகப் படித்த ஒரு பையன்தான் ஓரிடத்தில், ‘மெகர் வெச்சுப் பாக்காம நான் ஆன் பண்ண மாட்டேன் சார்’ என்று உறுதியாக நின்றான். மெகர் என்பது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். பார்த்தபோது கேபிளில் கசிவு இருந்தது. அவனுக்கு அப்போது 23 வயது. படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அவனைத்தான் காட்டுவேன்.

சித்தப்பா சொன்ன அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மைதான். அங்கே லிஃப்ட் தொழிலாளர் சங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் நாலு வருஷப் பழகுநர் பயிற்சி இருக்கிறது. 18 வயதும் பள்ளிப் படிப்பும் வேண்டும், திறன் தேர்வும் நேர்காணலும் உண்டு. முதலில் மெக்கானிக் கூலியில் பாதி, அப்புறம் வருஷத்துக்கு வருஷம் 55, 65, 70, 80 சதவீதம் என்று ஏறும். பகலில் வேலை, அதோடு வகுப்பு, கடைசியில் மெக்கானிக் தேர்வு. பல மாநிலங்களில் அரசு உரிமம் ஆளின் பெயரில் வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும், அவர் இருக்கும் நியூஜெர்சியில் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கென்றே உரிமக் குழு இருக்கிறது. அந்த நாட்டு அரசின் 2023 கணக்குப்படி இந்த வேலையின் நடு ஊதியம் வருஷத்துக்கு 1,02,420 டாலர். ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி. இங்கிருந்து நேராகப் போய்ச் சேர முடியாது. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாலு வருஷக் கணக்கு. அங்கே பயிற்சித் திட்டமே அதைக் கட்டாயப்படுத்துகிறது, இங்கே நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஐடிஐ இரண்டு வருஷம், பழகுநராக ஒன்று, நல்ல சீனியரின் கீழ் ஹெல்பராக ஒன்று. அதற்கு முன் தனியாக ஒரு லிஃப்டைத் தொடச் சொல்லும் கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

வளைகுடா போகும் ஆசை இருந்தால் இதே துண்டுகள்தான் அங்கேயும் கைகொடுக்கும். ஐடிஐ அல்லது டிப்ளமோ, அனுபவக் கடிதம், ஓரளவு ஆங்கிலம், டிரைவிங் தெரிந்தால் இன்னும் நல்லது. பத்தாம் வகுப்புத் தேறியவர் என்பதால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதிச் சிக்கல் வராது. வேலை செய்த இடத்தில் எல்லாம் அனுபவக் கடிதத்தை அன்றன்றே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் கம்பெனியே இருக்காது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயம் நியாயமானது, அதை மறைத்துப் பேச மாட்டேன். இந்த வேலையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த விபத்துகளில் உயரம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. பெல்ட் கொடுக்காத முதலாளி, கொடுத்தும் மாட்டாத பையன், ஸ்டாப் போடாமல் ஏறிய அவசரம், இப்படி ஒன்று கூடவே இருந்தது. அதனால் தம்பி எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதல் நாள் நீங்களே கூடப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஹார்னஸும் ஹெல்மெட்டும் இவன் பெயருக்குத் தனியாகத் தருவீர்களா, இல்லை நாலு பேருக்கு ஒன்றா? ஈஎஸ்ஐ, பிஎஃப் எந்தத் தேதியிலிருந்து? இவன் யாருடைய கீழ் வேலை பார்ப்பான், அவரை நான் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், அவருடைய கையைப் பாருங்கள், டூல்ஸ் பையைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் பேசுங்கள். அந்த ஆளிடம்தான் தம்பியை ஒப்படைக்கிறீர்கள்.

ஐடிஐ சேர்க்கை பள்ளி ரிசல்ட்டுக்குப் பிறகு ஆன்லைனில் நடக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு பேட்டை ஐடிஐக்கே நேரில் போனால் அங்கேயே விண்ணப்பிக்க உதவுகிறார்கள். எலக்ட்ரீஷியன் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்த வாரமே போய்விடுங்கள்.